கை தட்டாத இடம்

எங்கள் அலுவலகத்தில் யாராவது கை தட்டினால் பாராட்டு என்று நினைத்துவிடக் கூடாது. தப்பு செய்துவிட்டேன் என்று அர்த்தம். கண் தெரியாதவர்களுக்காகப் புத்தகங்களைக் குரலில் பதிவு செய்து கொடுக்கும் நூலகம் இது. ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து வாசிப்பவருக்கு நாக்கு குழறினாலோ, இருமல் வந்தாலோ, ஒரு வரி தாவிவிட்டாலோ, உடனே பலமாக ஒரு முறை கை தட்ட வேண்டும். தட்டிவிட்டு அந்த வாக்கியத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும். கம்ப்யூட்டர் திரையில் குரல் சின்னச் சின்ன அலையாக ஓடும். கை தட்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு கம்பம் மாதிரி எழும்பி நிற்கும். அந்தக் கம்பங்களைத் தேடிப் போய், அவற்றுக்கு முன்னால் இருக்கும் தப்புகளை வெட்டி எறிவது என் வேலை. அதனால் எனக்குக் கத்தரி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் இங்கே சொல்ல வந்தது என்னைப் பற்றி அல்ல, கதைக்காரியைப் பற்றி. நடுவில் நானும் வந்து தொலைவேன். அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

கதைக்காரி என்று அவளுக்குப் பேர் வைத்தவர்கள் கேட்பவர்கள்தான். வயது முப்பத்தேழு. ஆள் குள்ளம், குரல் நல்ல உயரம். போனில் அவள் குரலைக் கேட்டுவிட்டு நேரில் பார்க்க வருகிறவர்கள், அவளைத் தாண்டிப் போய் என்னிடம் கை நீட்டியிருக்கிறார்கள். கிழவனாகப் படிப்பாள், குழந்தையாகப் படிப்பாள், கொலைகாரனாகப் படித்தால் எனக்கே முதுகு சில்லிடும். அவளாகப் பேசுவது மட்டும் குறைவு. அடுத்தவர் எழுதிய வார்த்தை வாயில் இருக்கும்வரை அவளுக்குப் பயமே கிடையாது.

இந்த வேலைக்கு அவளைக் கொண்டுவந்து விட்டது அவள் அம்மாவின் கோபம். அம்மா தையல்காரர். நாவல் பைத்தியம். அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அத்தியாயம் முடியாமல் எழுந்திருக்க மாட்டாராம். சர்க்கரை வியாதி கண்ணைப் பிடுங்கிக்கொண்டபோது, கண் போனதைவிடக் கையில் இருந்த நாவல் பாதியில் நின்றதுதான் அவருக்குப் பெரிய ஆத்திரம். மீதிப் பாதியை மகள் படித்துக் காட்டினாள். அப்புறம் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் இந்த நூலகத்துக்கு வந்து சேர்ந்தாள்.

பதிவு முடிந்த ஒவ்வொரு புத்தகமும் ஒரு சின்ன மெமரி கார்டில் ஏறி முதலில் அம்மாவிடம் போகும். ஜன்னலோரம் நாற்காலி, மடியில் பிளேயர், அதுதான் அம்மாவின் பகல் முழுவதும். அவர் விமர்சனத்துக்கு எங்கள் நிர்வாகி அம்மாகூடப் பயப்படுவார். மகள் வீட்டில் வாசித்துப் பழகும்போதும் கை தட்டுவாள். அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்டுவிட்டு, இன்றைக்கு உனக்கு வாய் சரியில்லை, போய்த் தூங்கு என்பாராம். எனக்கும் ஒரு முறை போன் வந்தது. பத்தி முடிந்ததும் மூச்சு விடும் இடத்தையெல்லாம் நறுக்கிவிடுகிறாயே, என் மகள் என்ன மெஷினா என்று கேட்டார். அன்றிலிருந்து பத்தி முடிவில் மூச்சை விட்டுவைக்கிறேன்.

அந்த வீட்டுக்கு மட்டும் நான் போனதே இல்லை. இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளித்தான் இருக்கிறது. போகாததற்குக் காரணம் இருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். நான் கதைக்காரியை நேசித்தேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷமே ஆரம்பித்துவிட்டது. தினமும் மதியம் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்போம். என் டப்பாவில் இருப்பதில் பாதி அவளுக்குப் போகும், அவள் டப்பாவில் இருப்பதில் பாதி எனக்கு வரும். அவளுக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன். கண் தெரிகிறவர்களிடம் முகத்தை மாற்றிவைத்துத் தப்பிக்கலாம். அந்த அம்மாவின் காதுக்கு முன்னால் என் குட்டு ஒரு நிமிஷம் தாங்காது.

இப்படியே ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் ஒரு கல்லூரிப் பெண்ணின் போன் வந்தது. எங்கள் நூலகத்தின் உறுப்பினர். காதல் கதை வேண்டும் என்றாள். நிர்வாகி அம்மா அலமாரியில் இருப்பதையெல்லாம் ஒப்பித்தார். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இதுல எல்லாம் ஒரு பையன் வரான் மேடம். பையன் வராத காதல் கதை இல்லையா?” என்றாள். நிர்வாகி அம்மா எதற்கும் அசராத ஆள். கேட்டது கிடைக்கவில்லை என்று ஒரு வாசகர் போனை வைத்தால்தான் அவருக்குக் கௌரவக் குறைச்சல். விசாரித்து நாலைந்து நாவல்களை வரவழைத்துவிட்டார். பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியவை. பெண்ணைக் காதலிக்கும் பெண்கள், பையனைக் காதலிக்கும் பையன்கள், நான் யார் என்று கண்ணாடி முன் நின்று குழம்புகிறவர்கள்.

மேலே செய்தித்தாள் அட்டை போட்டு, பேருந்தில் ஒவ்வொன்றாகப் படித்து முடித்தேன். எங்கள் காலத்து நாவல்களில் இரண்டு பெண்கள் கொஞ்சம் நெருக்கமாக இருந்தாலே போச்சு. கடைசி அத்தியாயத்துக்குள் ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருத்திக்குக் காசநோய். இந்தப் புத்தகங்களில் யாருமே சாகவில்லை. பரீட்சைக்குப் படிக்கிறார்கள், அம்மாவிடம் திட்டு வாங்குகிறார்கள், பஸ்ஸைத் தவற விடுகிறார்கள், நடுவில் முத்தமும் கொடுத்துக்கொள்கிறார்கள். பதினேழில் வந்திருக்க வேண்டிய காய்ச்சல் எனக்கு முப்பத்தைந்தில் வந்தது. ஒரு நாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தையே விட்டுவிட்டேன்.

முதல் புத்தகம் கதைக்காரிக்கு ஒதுக்கப்பட்டது. பள்ளி ஓட்டப்பந்தய அணியில் இருக்கும் இரண்டு பெண்கள். தொடர் ஓட்டத்தில் ஒருத்தி கையிலிருந்து குச்சியை வாங்கி ஓடுகிறவள் மற்றவள். பரீட்சை முடிந்ததும் ஒருத்தியின் குடும்பம் வேறு ஊருக்குப் போகப்போகிறது. அதற்குள் மற்றவள் மனதில் இருப்பதைச் சொல்வாளா மாட்டாளா என்பதுதான் கதை.

கதைக்காரி வேண்டாம் என்றாள். பேங்க்காரரிடம் கொடுத்துவிடுங்கள் என்றாள். பேங்க்காரர் ஓய்வுபெற்ற பிறகு எங்களுக்கு வாசிக்க வருகிறவர். தங்கமான மனிதர், ஆனால் அவர் குரல் ஜல்லிக் கல்லை லாரியிலிருந்து கொட்டுவது போல இருக்கும். பதினேழு வயதுப் பெண்ணின் முதல் காதலை அந்தக் குரலில் கேட்டால் அந்தக் கல்லூரிப் பெண் இந்த ஜென்மத்தில் காதலிக்க மாட்டாள் என்று நான் சொன்னேன். நிர்வாகி அம்மாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. கதைக்காரி சிரிக்கவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனாள்.

எங்கள் பதிவு அறை முன்பு சாமான் போட்டுவைத்த இடம். சுவர் முழுக்கப் பஞ்சு ஒட்டியிருக்கும். சத்தம் வரும் என்பதால் மின்விசிறி கூடாது, கடிகாரம் கூடாது, வளையல் கூடாது. பசித்த வயிறு சத்தம் போட்டால்கூட மைக் பிடித்துவிடும். அந்தப் புழுக்கத்திலும் அடுத்தவர் உயிரைத் தன் தொண்டையில் கொண்டுவருகிறவள், இந்தப் புத்தகத்தை ரயில்வே அறிவிப்பு மாதிரி படித்தாள். கம்பத்துக்கு மேல் கம்பம். ஒரு பக்கத்துக்கு இத்தனை கை தட்டல் நான் பார்த்ததே இல்லை.

பொறுக்க முடியாமல் கதவைத் திறந்து உள்ளே போய், என்ன ஆச்சு உனக்கு என்று கேட்டேன். ஆனைக்கும் அடி சறுக்கும், தெரியும், ஆனால் ஆனை வேண்டுமென்றே சறுக்கி விழுந்தால் என்ன செய்வது என்றேன். அவள் புத்தகத்தை மூடிவைத்தாள்.

“அம்மா கேப்பாங்க, கத்தரி.”

இத்தனை வருஷமாகக் கேட்கிறார்கள்தானே என்றேன்.

“இது வேற. ‘எனக்கு அவளைப் பிடிக்கும்’னு நான் நல்லா படிச்சேன்னா, அது கதையா நிஜமான்னு அவங்களுக்குத் தெரிஞ்சு போயிடும்.”

பிறகு அவளாகவே சொன்னாள். முன்பு ஒரு நாவலில் ஓர் இடத்தில் மட்டும் இப்படி இரண்டு பெண்கள் வந்தார்களாம். இதெல்லாம் ஒரு கதையா என்று அம்மா பாதியில் பிளேயரை நிறுத்திவிட்டாராம். அந்தப் புத்தகத்தை மறுபடி தொடவே இல்லையாம். அம்மாவுக்குப் பகல் முழுக்க இருப்பது தன் குரல் ஒன்றுதான், அதையும் ஒரு நாள் அணைத்துவிட்டால் அவருக்கும் யாரும் இல்லை, தனக்கும் யாரும் இல்லை என்றாள். சொல்லும்போது அவள் கை புத்தக அட்டையைத் தடவிக்கொண்டே இருந்தது. எனக்கு அந்தக் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

ஆனாலும் அவள் நிறுத்தவில்லை. அந்தக் கல்லூரிப் பெண் அடிக்கடி போன் செய்து எப்போது வரும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்காக என்று எங்களிடமும் வீட்டிலும் சொல்லிக்கொண்டே கதைக்காரி படித்தாள். பாதிப் புத்தகம் தாண்டியதும் குரல் இளகிவிட்டது. கை தட்டல் குறைந்தது. திரையில் கம்பங்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் நின்றன. கம்பத்திலிருந்து கம்பத்துக்குத் தாவிப் போய் வெட்டினேன். நடுவில் இருப்பதை நான் கேட்பதில்லை, அதற்கு நேரமும் கிடையாது. புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் ஒரு முறை கேட்டுச் சரிபார்ப்பது பேங்க்காரரின் பொறுப்பு. அவர் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சரிபார்த்தார். அவர் தூங்கியது எனக்குப் பிறகுதான் தெரியும்.

கார்டுகள் தயாராகின. ஒன்று அம்மாவுக்குப் போனது, கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்பார். ஒன்று அந்தப் பெண்ணுக்குப் போனது.

அந்தப் பெண் போன் செய்தபோது நான்தான் எடுத்தேன். அழுதிருக்கிறாள் என்று குரலிலேயே தெரிந்தது, சந்தோஷமாக அழுதிருக்கிறாள். இப்படி ஒரு கதையைத் தன் காதால் கேட்க முடியும் என்று நினைத்ததே இல்லை என்றாள். அப்புறம் ஒரு குறை சொன்னாள்.

“பதினொன்னாவது அத்தியாயத்துல ஒருத்தி வராளே, தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிடறவ. அவ அப்புறம் கடைசி வரைக்கும் வரவே இல்லையே அக்கா. அவ என்ன ஆனா?”

அந்தப் புத்தகத்தில் யாரும் எதிரில் உட்கார்ந்து சாப்பிடவில்லை. நான் படித்திருக்கிறேன். பிறகு கூப்பிடுகிறேன் என்று சொல்லி போனை வைத்துவிட்டு, பதினொன்றாவது அத்தியாயத்தைத் திறந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஓட்டக்காரப் பெண்கள் இருவரும் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். சொல்ல நினைத்தவள் சொல்லாமல் இருக்கிறாள். பஸ் வருகிறது. தோழி ஏறிப் போய்விடுகிறாள். கதைக்காரி அதை அவ்வளவு அழகாகப் படித்திருந்தாள். பத்தி முடிந்தது. மூச்சு. அதற்குப் பிறகு, கை தட்டல் எதுவும் இல்லாமல், அதே குரல், கொஞ்சம் தாழ்வாக:

“சொல்லித் தொலையேன்டி. நானும் உன்னை மாதிரி வாய மூடிக்கிட்டுதான் இருக்கேன். தினமும் எதிர்ல உக்காந்து சாப்பிடறா. அவ்வளவு பிடிச்சிருக்கு அவளை. ஒரு வார்த்தை சொல்ல முடியல.”

அப்புறம் அடுத்த பத்தி.

தட்டியிருந்தால் கம்பம் நின்றிருக்கும், நான் வெட்டியிருப்பேன். வாசிக்கிற வேகத்தில் தான் பேசியதே அவளுக்குத் தெரியாமல் போயிருக்க வேண்டும். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளையால் எனக்கு என்ன ஆயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் திரும்பத் திரும்பக் கேட்டேன். எத்தனை வருஷமாக அவள் குரலை வெட்டி ஒட்டியிருக்கிறேன், எனக்கென்று ஒரு வரி அதில் இருந்ததில்லை. காதெல்லாம் சூடாகிவிட்டது.

(பிறகு நூலகப் பிரதியிலிருந்து அந்த வரிகளை நானே எடுத்துவிட்டேன். எழுதியவர் எழுதாததை அவர் புத்தகத்தில் வைத்திருப்பது நியாயமில்லை. திருத்திய கார்டை அனுப்புகிறோம் என்றபோது அந்தக் கல்லூரிப் பெண் வாங்க மறுத்துவிட்டாள். தனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது என்றாள்.)

கதைக்காரியைக் கூப்பிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஹெட்போனை அவள் தலையில் மாட்டினேன். அவள் முகம் மாறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் பக்கம் திரும்புவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திரும்பவில்லை. “அம்மா” என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு படியில் இறங்கிவிட்டாள். நானும் பின்னால் ஓடினேன். கார்டு வீட்டுக்குப் போய் மூன்று நான்கு நாளாகியிருந்தது. அம்மா மதியத்தில்தான் கேட்பார், மெதுவாகத்தான் கேட்பார், இன்னும் பதினொன்றுக்கு வந்திருக்க மாட்டார் என்று பேருந்தில் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கள் இரண்டு பேரைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவள் கை கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தது. இந்த முறை பிடித்துக்கொண்டேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை.

மாடி வீடு. கதவு சாத்தாமல் இருந்தது. அவள் சொன்னபடியே ஜன்னலோரம் நாற்காலி, மடியில் பிளேயர். பழைய தையல் மெஷின் மேல் கார்டுகள் ஒரு டப்பாவில் நிறைந்திருந்தன. பிளேயர் ஓடவில்லை. அம்மா சும்மா உட்கார்ந்திருந்தார். நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கதைக்காரி சாதாரணமாகப் பேச முயன்றாள். எத்தனையோ பேராக நடித்தவளுக்கு அது மட்டும் வரவில்லை.

“அம்மா, அந்த புதுக் கார்டைக் குடுங்க. அதுல ஒரு தப்பு ஆயிடுச்சு, மாத்திக் கொண்டு வரேன்.”

“எந்த இடத்துல?”

“பதினொன்னாவதுல.”

“அங்க தப்பு ஒண்ணும் இல்லையே.”

“இருக்கும்மா. புத்தகத்துல இல்லாதது ஏதோ பேசிட்டேன். தெரியாம.”

அம்மா பிளேயரின் மேல் கையை வைத்தார். கொடுப்பதற்காக அல்ல.

“தப்புன்னா கை தட்டியிருப்ப. நீ தட்டல.”

கதைக்காரி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அம்மா பேச ஆரம்பித்தார். முந்தாநாளே கேட்டுவிட்டாராம். வயிறு சரியில்லை என்று சொல்லி ராத்திரி சாப்பிடாமல் படுத்தது அதனால்தானாம். முதலில் பிளேயரை நிறுத்திவிட்டாராம். கொஞ்ச நேரம் கழித்து, அந்த ஓட்டக்காரப் பெண் கடைசியில் சொன்னாளா இல்லையா என்று தெரியாமல் இருக்க முடியவில்லையாம். நாவலை ஒரு தரம் பாதியில் விட்டது போதாதா என்று மீதியையும் கேட்டு முடித்தாராம்.

“எனக்கு பிடிச்சிருக்குன்னு சொல்ல மாட்டேன். எனக்கு இதெல்லாம் பழக நாளாகும். நடுவுல கோபம் வந்தா கத்துவேன்” என்றார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கியது. “ஆனா கிழவனா படிச்சே, கொலைகாரனா படிச்சே, எல்லாம் கேட்டேன். நீயா பேசி நான் கேட்டது அந்த நாலு வரிதான்டி. அதைப் போய் எடுத்துட்டுப் போறேங்கற.”

மகள் அம்மாவின் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அம்மா அவள் தலையில் கை வைத்தார், துணியில் மடிப்பு எடுப்பது போல முடியை ஒதுக்கினார். நான் மூச்சுகூடச் சத்தமாக விடாமல் நின்றேன். அந்தக் காதிடம் அது செல்லுமா.

“எதிர்ல உக்காந்து சாப்பிடறவ வாசல்லயே நிக்கறா போல. ஊரார் மூச்சையெல்லாம் வெட்டுவா, தன் மூச்சை அடக்கத் தெரியல. உள்ள வந்து உக்காரும்மா.”

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவருக்கு எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். பத்தி முடிவில் இப்போது மூச்சை விட்டுவைக்கிறேனா அம்மா என்று கேட்டேன். வேறு என்ன பேசுவதென்று தெரியவில்லை. பரவாயில்லை, முன்னைக்கு இப்போது தேவலை என்றார். பிறகு மகளிடம் திரும்பினார்.

“இவகிட்ட சொல்லிட்டியா?”

“கார்டுல கேட்டுட்டாம்மா.”

“கார்டுல எல்லாரும்தான் கேட்டாங்க. அந்த காலேஜ் பொண்ணு உட்பட. சொன்னியான்னு கேக்கறேன்.”

அம்மா பிளேயரை மடியிலிருந்து எடுத்து ஜன்னல் கட்டையில் வைத்தார். இரண்டு கைகளாலும் தன் காதுகளைப் பொத்திக்கொண்டார். வேண்டுமென்றே பலமாக, “சீக்கிரம் முடி, எனக்கு கை வலிக்கும்” என்றார்.

கதைக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். கையில் புத்தகம் இல்லை, யார் எழுதிக்கொடுத்த வரியும் இல்லை. என்ன சொன்னாள் என்று இங்கே எழுதப்போவதில்லை, அது எனக்குச் சொன்னது. எப்படிச் சொன்னாள் என்று மட்டும் சொல்கிறேன். ஆரம்பித்த வாக்கியம் பாதியில் நின்றது. நடுவில் இருமல் வந்தது. நாக்கு குழறியது, என் பேரையே தப்பாகச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் இவ்வளவு மோசமாகப் பேசி நான் கேட்டதில்லை.

கடைசி வரை அவள் கை தட்டவே இல்லை.